கணக்குக்குச் சத்தம் கிடையாது

பரீட்சைக்குப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். விடியற்கால ஜெபத்திலிருந்து காப்பி வரும்வரை படித்தால் போதும் என்பார் போதகர். அவருக்குக் காப்பி சீக்கிரம் வந்துவிடும். கன்னம் ஒட்டும்வரை படிக்க வேண்டும் என்பார் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தார் வெளியே அனுப்பும்வரை படித்தால் போதும் என்பது என் கட்சி. நான் ஏழாம் வகுப்பில் அப்படித்தான் முடித்தேன். வாத்தியார் குடையை விரித்தபோது உள்ளேயிருந்து தவளை குதித்ததற்கு யாராவது ஒருவன் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. இப்போது அப்பாவோடு வடசேரிச் சந்தையில் தேங்காய்க் கடையில் நிற்கிறேன்.

அடுத்த வீட்டு நேசபாய் மாமியின் அளவு வேறு. ஒரு சாண் ரேந்தை.

மாமி, மிஷன் பங்களா அம்மாமார் கற்றுக்கொடுத்த ரேந்தை என்கிற லேஸ் பின்னுகிறவர். உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றிப் போடுவார். சீமைத் துரைசானிகளின் பாவாடைக்குக் கரை வளரும். ஒரு சாண் வளரும்வரை உள்ளறையிலிருந்து அவர் வளர்க்கிற பையன் ரசலையன் படிக்கிற சத்தம் கேட்க வேண்டும். சாதாரணக் கரை என்றால் அவன் பிழைத்தான். பூவும் கொடியுமாக மாதிரி வந்துவிட்டால் அன்றைக்குத் தொண்டை கிழிந்தது.

மாமிக்கு எழுத்து தெரியாது. ஆராதனையில் ஒருநாள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற நான் என் புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். எழுத்து தெரியாததால் படிப்பு என்றால் அவருக்குச் சத்தம். சத்தம் நின்றால் பையன் தூங்குகிறான் என்று அர்த்தம்.

ரசலையன் மாமியின் தங்கை மகன். அவனுடைய அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அங்கேயே வேறு கல்யாணம் செய்துகொண்டு, மகனை இங்கே அனுப்பிவைத்தார். மாமிக்குப் பிள்ளை இல்லை. மாமா ஆபேல் உபதேசியார் இருந்தவரை, சாப்பாட்டுக்கு முன் வேதத்தை உரக்க வாசிப்பாராம். அவர் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட ஒரே குரல் ரசலையன் பாடம் படிப்பதுதான்.

அவன் பள்ளி இறுதிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன். இரண்டு தடவையும் கணக்கில். சரித்திரத்தில் எந்த ராஜாவுக்கு எத்தனை யானை என்று கேட்டாலும் சொல்வான். கணக்கை வாய்விட்டுப் படிக்க முடியாதே. சிலேட்டில் நாலு வரி போட்டிருக்க மாட்டான், வெளியிலிருந்து குரல் வரும்.

“ஏலே ரசலையா, சத்தத்தக் காணல. ஒறங்குகியா?”

“கணக்கு போடுகேன் பெரியம்மை.”

“போட்டது போதும். படி மக்கா.”

அவன் சிலேட்டை வைத்துவிட்டு யானைகளுக்குத் திரும்புவான்.

அவனோடு படித்தவர்களெல்லாம் ஒவ்வோர் ஊரில் வேலைக்குப் போய்விட்டார்கள். இவன் அந்த உள்ளறை ஜன்னலுக்குள்ளேயே இருந்தான். பொழுது போகாத சாயங்காலங்களில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, அவன் ஒரு வாக்கியம் முடித்ததும் தவளைபோல் கத்துவேன். அவன் சற்று நிறுத்துவான், பிறகு படிப்பான். ஒரு வாரம் எனக்குக் கடையில் வேலை அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன மக்கா, தவளைய ஒரு வாரமா காணல?”

கேலி செய்கிறான் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

மூன்றாவது தடவைதான் கடைசி. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, இந்தப் பரீட்சை முடியும்வரை அவனுக்காகக் காத்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். இவன் கப்பலேறிச் சிலோனுக்கு, முகம் மறந்துபோன அப்பாவிடம் போக வேண்டியதுதான்.

பரீட்சை நெருங்கியபோது அவன் தொண்டை கட்டிவிட்டது. குரல் தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் வந்தது. நான் கொல்லைப்பக்க ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினேன்.

“புஸ்தகத்த தா. நீ கணக்கப் போடு. நான் படிக்கேன்.”

“பெரியம்மை கண்டுபிடிச்சிருவாங்க.”

“உன் தொண்டதான் கட்டியிருக்கே. தகரத்துல ஆணி இழுக்க எனக்குத் தெரியாதா?”

இப்படியாக நான் விட்ட படிப்பை ஜன்னல் வழியாக மறுபடி ஆரம்பித்தேன். நான் தரையில் உட்கார்ந்து கரகரவென்று படிப்பேன். அவன் மூலையில் சிலேட்டோடு இருப்பான். வெளியே கட்டைகள் டக் டக்கென்று மோதும். வட்டி, பின்னம், குளத்துக்குள் தண்ணீர் விடும் இரண்டு குழாய்கள் எல்லாம் அவனுக்கு வசப்பட ஆரம்பித்தன. குழாயை மூடாமல் கணக்குப் போடச் சொல்கிற புத்தகக்காரனை நான் திட்டுவேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

எனக்குத்தான் நாலாம் நாள் சலித்துவிட்டது. எத்தனை தடவை சரித்திரப் புத்தகத்துப் படை அதே மலையை ஏறும்? நானாகவே சேர்த்துப் படித்தேன்:

“படைகள் மலையடிவாரத்தில் தங்கின. குதிரைகளுக்குக் கொள்ளும், தளபதிக்கு மரச்சீனிக்கிழங்கும் வழங்கப்பட்டன.”

கட்டைச் சத்தம் நின்றது.

“கெழங்குக்குக் கறி என்னலே?” என்று வெளியிலிருந்து கேள்வி வந்தது. “சாளையா, நெத்திலியா?”

நான் ஜன்னலில் பாதி ஏறியிருந்தேன். மாமி தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரசலையன் சிலேட்டோடு எழுந்து நின்றான்.

“இறங்குலே ஜான்ரோஸு. முள்வேலியில விழுந்து வைக்காத.”

“எப்பம் கண்டுபிடிச்சிய மாமி?”

“மொத நாளே. எம்பிள்ள மூச்செடுக்கது எனக்குத் தெரியாதா? நீ நிப்பாட்டாம ஓடுகே, போலீசு தொரத்துகது போல.”

“பின்ன ஏன் பேசாம இருந்திய?”

மாமி ரசலையன் கையிலிருந்த சிலேட்டை வாங்கிப் பார்த்தார். எதைப் பார்த்தாரோ, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குச் சத்தம் வேண்டாமாலே?”

“வேண்டாம் பெரியம்மை. சத்தம் இருந்தா வராது.”

“ரெண்டு வருசமா ஏம் பெலமா சொல்லல?”

ரசலையன் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கட்டிய குரலில் சொன்னான்: “நான் வாய மூடிற்றா, நீங்க அங்க ஒத்தைக்கு இருப்பியளே.”

நான் ஜன்னலைவிட்டு இறங்கிச் சரித்திரப் புத்தகத்தை மூடிவைத்தேன்.

மாமி சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். “நான் இருந்துக்கிடுவேன். நீ போடு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

பரீட்சை வரைக்கும் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிடிபட்ட மறுநாள் கடையிலிருந்து வரும்போது மாமி வாசலில் தனியாகப் பின்னிக்கொண்டிருந்தார். “நான் இங்க உக்காந்து எதாவது வாசிக்கட்டா மாமி?” என்று கேட்டேன். “வேண்டாம் மக்கா. அவன் மனசு இங்க வந்திரும்” என்றார். கட்டைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, முந்தானையை மடித்துத் தலையணைமேல் விரித்திருந்தார். அப்படி வைத்தால் வேலை ஓடாது. பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

ரசலையன் தேறினான். கணக்கில் தட்டுத்தடுமாறித்தான், ஆனால் தேறினான். வேலையும் கிடைத்தது.

அவன் புறப்பட்ட காலையில் வடசேரியில் பஸ் ஏற்றிவிட மாமியும் நானும் போனோம். டிரங்குப் பெட்டியை நான் மேலே ஏற்றிக் கட்டினேன்.

“தொண்டையப் பாத்துக்க. பிள்ளையளப் பாத்துக் கத்தாத” என்றார் மாமி.

“சரி பெரியம்மை.”

“கிறிஸ்மஸுக்கு வருவியா?”

“வருவேன்.”

அவனுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. புழுதி அடங்கும்வரை மாமி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தமில்லாத அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் சந்தைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

மாமி பேரம் பேசத் தெரியாதவர். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர். அன்றைக்கு ஒவ்வொரு கடையிலும் நின்றார். கத்தரிக்காயில் புழு உண்டா என்று கேட்டார். எங்கே விளைந்தது என்று கேட்டார். கடைக்காரியின் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். ஒரு கடையில் வாங்கியதைக் கூடையில் வைத்துக்கொண்டு அடுத்த கடையில் அதே காய்க்கு விலை கேட்டார்.

கடைசியில் எங்கள் கடைக்கு வந்து தேங்காயை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அப்பா பொறுமையில்லாதவர்; “எது வேணும் சொல்லுங்க, இவன் எடுத்துத் தருவான்” என்றார். நான் அப்பாவைப் பின்னால் தள்ளினேன்.

“எல்லாத்தயும் ஆட்டிப் பாருங்க மாமி” என்றேன். “உள்ள இன்னும் ஒரு குவியல் கெடக்கு.”