ஆறு வீட்டுக்கு ஒரே கூரை

கொட்டாஞ்சேனையில் ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் பழைய வரிசையில் எங்களுடையது மூன்றாவது. கூரை ஒழுக்குப் பார்க்க வந்த மேசன் பாஸ், சீலிங் பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார்.

"ஐயா, இங்க நடுச்சுவரே இல்லை. ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை."

நானும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். வீடுகளைப் பிரிக்கும் சுவர்கள் சீலிங்கோடு நின்றுவிட்டன. கட்டியவன் அதற்கு மேலே செங்கல்லை மிச்சம் பிடித்திருக்கிறான். வௌவால் எச்சம் மணக்கும் இருட்டுத்தான் வரிசை முழுவதும். அடுத்த வீட்டில் யாரோ இருமியது என் காதுக்குள்ளேயே கேட்டது.

அப்பாவின் நினைவு வந்தது. வீட்டில் முக்கியமான கதை பேசுவதென்றால் முதலில் எழும்பிப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அக்காவின் கல்யாணப் பேச்சே ரேடியோவில் போன மரண அறிவித்தல்களுக்கு நடுவில்தான் நடந்தது.

"மாஸ்டர் சுவரில காதை வச்சுக் கேக்கிறார்" என்று அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு, அந்தச் சுவரோடு அலுமாரியையும் தள்ளி வைத்தார்.

மாஸ்டர் வீட்டு ரேடியோவும் இடையிடையே திடீரென்று அலறும்.

"பழக்கவழக்கம் தெரியாத சனம்" என்பார் அம்மா. அவர்கள் ஏன் கூட்டினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஏணியால் இறங்கினேன். மனைவி கேட்டாள்: "வீட்டை விக்கப்போறம் எண்டு மாஸ்டரின்ர மகனிட்டச் சொல்லிட்டீங்களோ?"

முதலில் போய் டீவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டு டீவியும் அலறத் தொடங்கியது.