செடியை ஆட்டச் சொன்னவர்

திருப்பூரில் நாங்கள் வீடு பார்க்கப் போன அன்றே பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டிவிட்டார். தோளில் துண்டுக்குப் பதிலாகப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. நாங்கள் தோட்டத்தில் மயங்கி நின்றிருந்தோம்; மல்லிகை, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் தளதளவென்றிருந்தன.

"செடிய ஆட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

தானே குறைந்த விலைக்கு வாங்கத்தான் எங்கள் மனதைக் கலைக்கிறார் என்று நினைத்தேன். அடுத்தமுறை போனபோதும் அதே தலை, அதே கேள்வி. சந்தேகம் உறுதியானது. அவசரமாகப் பத்திரத்தை முடித்தோம்.

குடிவந்த கொஞ்ச நாளில் செடிகள் கருகத் தொடங்கின. கறிவேப்பிலையைப் பிடித்து இழுத்தேன். நர்சரியின் கறுப்புக் கவரோடு கையில் வந்தது. வீட்டை விற்பதற்காகவே வாங்கிப் புதைத்திருக்கிறார்கள்.

மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. "தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கத்தினேன்.

"வித்தவரு எனக்குப் பங்காளிங்க. அதுக்கு மேல எப்படிங்க சொல்றது?" என்றவர் ஓர் அரளிக் குச்சியை நீட்டினார். "சாயப்பட்டறைத் தண்ணி போர்வெல்லுக்குள்ள எறங்கிருச்சுங்க. இதுதானுங்க பொழைக்கும்."

விஷச் செடியா? மறுபடியும் சந்தேகம் வந்தது. முதல்முறையாக நான் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அவர் தோட்டம் முழுக்க அரளி. வேறு ஒன்றுமே இல்லை.