வாளிக்குள் முப்பத்தாறு டிகிரி

“பக்கெட்டுக்குள்ளயா?”

“ஆமா. நீல பக்கெட். குழாய்த் தண்ணி. சென்சார் அதுக்குள்ள ஜாலியா குளிச்சிட்டிருக்கு.”

“போட்டோ கீட்டோ எடுத்துத் தொலைக்காத, ரெனி.”

“எடுக்கல. ஆனா சிரிப்பு வருது. கேட்ல எவ்ளோ பெரிய போர்டு தெரியுமா? ‘நதி நம் தாய்’னு மராத்தில.”

“தாயைக் குளிப்பாட்டத்தான் பக்கெட் வெச்சிருக்காங்க போல. ஃபால்ட்டுன்னு எழுது, சைன் போடு, கிளம்பு. பஸ், காம் கதம், வேலை முடிஞ்சுது.”

“பத்து மணிக்கு மேலதான் கோளாறு வருதாம். ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போடறேன்.”

“பார்த்துட்டு? ராத்திரி அங்க என்ன சினிமாவா ஓடுது?”

அப்போது மணி 9.40.

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் ரெனிட்டா கதை கட்டுகிறவள் அல்ல. எண்களோடு வேலை பார்க்கிறவள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. போன டிசம்பரில் அவளுக்கு நடந்ததை, அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். ஆலையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை.

ரெனிட்டா புனேயின் கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்த பெண். ஆலைகளின் கழிவுநீர் அளவுமானிகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. தொலைபேசியில் பேசிய அனிருத் அதே கம்பெனியின் மகர்பட்டா அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்தான். சாயம், ரசாயனம் என்று அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் எல்லாம் தங்கள் கழிவுநீர்க் கால்வாயில் ஒரு சென்சாரைத் தொங்கவிட வேண்டும். விரல் தடிமனில் ஒரு குச்சி, அதிலிருந்து ஒரு நீண்ட கம்பி. அவ்வளவுதான். நீரின் சூடு, அமிலம் எல்லாவற்றையும் அது அளந்து, கால் மணிக்கு ஒரு தடவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவிடும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

வாளியைத் தவிர.

இரவில், சுத்திகரிக்காத கழிவைத் திறந்துவிடுவதற்கு முன்னால், யாராவது ஒருவர் அந்தக் குச்சியைக் கால்வாயிலிருந்து எடுத்து நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுவார். வாரியத்தின் திரையில் ஆறு பரிசுத்தமாக ஓடிக்கொண்டிருக்கும்.

நிக்டியைத் தாண்டியிருந்த அந்தச் சாய ஆலையிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அந்த மாதம் ஒரு சிக்கல் வந்தது. பத்து மணிக்கு மேல் வாளித் தண்ணீர் சூடாகிவிடுகிறது. சூடாகிவிட்டதாகச் சென்சார் சொல்கிறது. பல் கிட்டும் குளிரில், முப்பத்தாறு டிகிரி. ராத்திரியில் சுடச்சுடக் கழிவைத் திறந்துவிடுகிறீர்களே, ஆலையை ஏன் மூடக்கூடாது என்று வாரியம் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. திங்கட்கிழமை விசாரணை. சென்சார் பழுது என்று ஒரு சான்றிதழ் இருந்தால் ஆலை தப்பித்துக்கொள்ளும்.

அந்தச் சான்றிதழில்தான் ரெனிட்டா கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் திரும்பினால், இந்த மாதம் அவளுடைய வேலை நிரந்தரமாகாது. அவளுடைய மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆலையின் கழிவுநீர்ப் பிரிவு அதிகாரி மகாதேவன் வாளியைத் தன் கையாலேயே நிரப்பிவைத்தார். அளவுமானி அறையின் சாவியைக் கொடுத்தார்.

“பாரும்மா, இதை நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கு. ஒரு கையெழுத்துதானே? காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். பயப்படாதே. ராத்திரி இந்தப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க.”

“ஒருத்தரும் வர மாட்டாங்கன்னா எப்படி சார் பயப்படாம இருக்கறது?”

அவர் சிரிக்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தகரக் கூரை போட்ட சின்ன அறை அது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் அளவுமானியின் திரை. சுவரில் ஒரு துளை. அதன் வழியாகச் சென்சாரின் கம்பி வெளியே போகிறது. வெளியே ஒரு நிலத்தடித் தொட்டி, அதன் மேல் இரும்பு மூடி. அந்த மூடியின்மேல்தான் வாளி இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். தொட்டிக்கு அப்பால் கால்வாய். அதற்கப்பால் இருட்டு.

10.00. கால்வாயில் சத்தம் மாறியது. அதுவரை சலசலத்த நீர் இப்போது கனமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடியது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கழிவைத் திறந்துவிட்டார்கள். ரெனிட்டா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

17.1.

10.05. 36.4.

ஏறவில்லை. தாவியது. அவளுக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. தண்ணீர் இப்படித் தாவிச் சூடாகாது. பழுதான சென்சார்தான் இப்படித் தாவும். மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போடலாம்.

ஆனாலும் அவள் எண்களோடு வேலை பார்க்கிறவள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தன் கைவெப்பமானியை வாளியில் விட்டாள். பதினேழு. விரலை விட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

சரி, கடைசியாக ஒன்று. பையில் புதிய சென்சார் ஒன்று இருந்தது. உறை பிரிக்காதது. பழையதன் இணைப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். துளை வழியாகக் கம்பியை வெளியே தள்ளி, வாளிக்குள் பழையதன் பக்கத்தில் போட்டாள். உள்ளே வந்து பார்த்தாள்.

16.9.

“பார்த்தியா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

திரையில் ஏதோ அசைந்தது.

36.4.

புதிய சென்சார்... உறை பிரித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் வெளியே போனாள். காற்று இல்லை. மரம் அசையவில்லை. ஆனால் வாளித் தண்ணீரில் சின்ன வளையங்கள். வளையம் வரும்... நிற்கும்... மறுபடி வரும். குளிரில் நடுங்கும் கை ஒன்று தண்ணீருக்குள் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

டார்ச்சை நேராக உள்ளே அடித்தாள். தெளிந்த தண்ணீர். நீல அடிப்பாகம். இரண்டு குச்சிகள். வேறு ஒன்றும் இல்லை.

பழையதை இழுத்தாள். கையோடு வந்தது.

புதியதை இழுத்தாள்.

வரவில்லை.

எதிலும் மாட்டியிருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது. பலமாக இழுத்தாள். வாளிதான் நகர்ந்தது. குச்சி நகரவில்லை.

பிறகு... விட்டது.

விட்டதும் அவள் பின்னால் சாய்ந்தாள். குச்சி அவள் உள்ளங்கையில் இருந்தது. வெதுவெதுப்பாக. வெயிலின் சூடோ அடுப்பின் சூடோ இல்லை. பிறர் பிடித்திருந்த பேருந்துக் கம்பியை நாம் பிடிக்கும்போது ஒரு சூடு இருக்குமே... அந்தச் சூடு.

குச்சியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு ஓடினாள். அறைக்கதவைத் தாழிட்டாள். அனிருத்தை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஆலையின் வாசல் தொலைவில் இருந்தது. நடுவே முழுக்க இருட்டு. அதைக் கடக்க அவளால் முடியவில்லை.

12.30. 36.4.

1.15. 36.3.

மேசைமேல் கிடந்த கம்பி அசைந்தது.

எலி என்று நினைத்தாள். எலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கம்பி துளைப் பக்கமாக மெல்ல நகர்ந்தது. நின்றது. விறைத்தது.

இழுத்தது. இரண்டு தடவை.

இடைவெளி.

மறுபடி இரண்டு தடவை.

சன்னலைப் பார்க்கவில்லை அவள். பார்க்கவே இல்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னாள். பாதியில் வரிகள் மறந்தன. முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டு தடவை. இடைவெளி. இரண்டு தடவை.

மூன்று மணிக்கு இழுப்பு தளர ஆரம்பித்தது. அப்போது அவள் செய்த காரியத்துக்கு இன்றுவரை அவளிடம் காரணம் இல்லை. அது தைரியம் அல்ல என்று அவளே சொல்கிறாள். அவள் கை தானாகப் போனது. கம்பியைப் பிடித்தது. இரண்டு தடவை இழுத்தது.

வெளியே எல்லாம் நின்றது.

பிறகு... அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வேகமாக. மூன்று, நான்கு, ஐந்து. ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட வேகம்.

அவளால் கம்பியை விட முடியவில்லை.

4.10. தொய்ந்தது.

36.1.

35.8.

35.2.

விடியும்வரை அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஏறும்போது தாவியது, இறங்கும்போது படிப்படியாக இறங்கியது. வெளிச்சம் வந்தபோது திரையில் 17.0.

முதல் வேலையாக அனிருத்துக்குப் போன் செய்தாள். இந்த முறை எடுத்தான். நடந்ததைச் சொல்லவில்லை. “இந்த ஆலையோட பழைய டேட்டால இதே மாதிரி எப்பவாவது வந்திருக்கா? பார்த்துச் சொல்லு, ப்ளீஸ்” என்று மட்டும் கேட்டாள். போனை மேசைமேல் வைத்தாள்.

6.20. கதவு தட்டும் சத்தம். “மேடம், சாய்.”

“யேசுவே!” என்று கத்திவிட்டாள்.

“தமிழாளாம்மா நீங்க?”

கேன்டீன் சீருடையில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கையில் டீக் கெட்டில். பெயர் ஆரோக்கியமணி. தாபோடியில் வீடு, திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். ரெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் வேறு எதுவும் கேட்காமல் டீயை ஊற்றி, டம்ளரை அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினாள்.

“ராத்திரி பூராவும் இங்கயா இருந்திய? ஒத்தையிலயா? பொம்பளப் புள்ளைய இந்த எடத்துல ஒக்கார வச்சிட்டுப் போவ அந்தாளுக்கு எப்படித்தான் மனசு வந்திச்சோ.”

“இந்த இடத்துக்கு என்ன ஆன்ட்டி?”

ஆரோக்கியமணி சன்னல் வழியாக இரும்பு மூடியைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரு இங்கதான் நைட் சிப்டு பாத்தாவ. சவரிமுத்து. அந்தக் குச்சிய எடுத்து பக்கெட்ல போடுற வேல. போன வருசம் ஒரு நாளு குச்சி அந்தத் தொட்டிக்குள்ள விழுந்து சிக்கிக்கிட்டுன்னு எறங்கியிருக்காவ. உள்ள வாயு. விழுந்துட்டாவ. மூடி தெறந்து கெடக்கேன்னு வாட்ச்மேன் வந்து மூடிட்டுப் போயிட்டான்.”

ரெனிட்டா டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

“காலைலதான் தூக்குனாவ. கையில அந்தக் குச்சி. விரல விரிக்க முடியலன்னு வயர வெட்டித்தான் எடுத்தாவ. ஒரு வருசம் இந்த எடத்தப் பூட்டிப் போட்டிருந்தாவ. இந்த மாசந்தான் தெறந்தாவ.” கெட்டிலின் மூடியைச் சரிசெய்தாள். “ஆனா விழுந்ததுமே உசுரு போயிட்டாம். ஒரு நிமிசங்கூட கஷ்டப்படலன்னு மகாதேவன் ஸாரு சொன்னாரு. அந்த ஒண்ணுதாம்மா எனக்கு ஆறுதல். அத வச்சுத்தான் நானும் இதே கேட்டுக்குள்ள வேலைக்கு வந்துட்டுப் போறேன்.”

மேசைமேல் போன் அடித்தது. எடுக்கப் போன ரெனிட்டாவின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“ரெனி, கிடைச்சுது,” அனிருத்தின் உற்சாகமான குரல். “இந்த மாசம் மட்டும் இல்ல. போன வருஷம் நவம்பர் பதினாலு. ஒரே ஒரு ராத்திரி. பத்தே காலுக்கு முப்பத்தாறு. நாலு மணி வரைக்கும் அப்படியே நிக்குது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. நம்ம ஆளு எவனோ சென்சார் ஃபால்ட்னு மார்க் பண்ணி முடிச்சிட்டான். பழைய ஃபால்ட்டுதான், யா. கண்ணை மூடிட்டு சைன் போடு.”

அவள் போனை அணைத்தாள். ஆனால் தாமதமாகிவிட்டது.

“நவம்பர் பதினாலா?” என்றாள் ஆரோக்கியமணி. “அது அவிய போன நாளுல்லா?”

கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

“முப்பத்தாறுன்னா என்னம்மா?”

ரெனிட்டா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

ஆரோக்கியமணி புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கட்டை விரலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கை தீர்ந்து அடுத்த கைக்குப் போனாள். நாலில் நின்றாள்.

வெளியே மகாதேவனின் கார் வந்து நிற்கும் ஓசை. கதவு சாத்தும் ஓசை. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியமணி மேசைமேல் கிடந்த சான்றிதழை ரெனிட்டாவின் பக்கம் மெல்ல நகர்த்தினாள். பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்த விரல்கள் சில்லிட்டிருந்தன.

“அம்மா... அந்த மிசினு கெட்டுப் போச்சுன்னே எழுதிருங்கம்மா.”