நான் அமைச்சராக இருந்த அரை மணி நேரம்

எனக்கு 'மினிஸ்டர் அம்மா' என்று பட்டப்பெயர் வைத்தவள் தங்கச்சிதான். பாராளுமன்றத்தில் நான் உரைபெயர்ப்பாளர். அங்கே ஒரு விதி உண்டு. அமைச்சர் சிங்களத்தில் 'நான்' என்றால், கண்ணாடி அறைக்குள் இருக்கும் நாங்களும் தமிழில் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அமைச்சர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்க முடியாது. அரை மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிப் பேசுவோம். அப்படி நான் மீன்பிடி அமைச்சராகவும் இருந்திருக்கிறேன், சுகாதார அமைச்சராகவும் இருந்திருக்கிறேன். சபை முடிந்ததும் நெரிசல் பஸ்ஸில் நின்றபடியே வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேருவேன்.

கேள்வி நேரத்தில் அமைச்சர்களுக்கு மிகவும் பிடித்த வசனம் ஒன்று இருக்கிறது. "கௌரவ சபாநாயகர் அவர்களே, இதற்கு விடையளிக்க எனக்கு இரண்டு வார கால அவகாசம் வேண்டும்." தூக்கத்தில் எழுப்பினாலும் அதைப் பிசகாமல் சொல்வேன். எத்தனையோ பேருடைய காத்திருப்பின் மீது அந்த வசனத்தைச் சர்வசாதாரணமாக வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

பிறகு அந்த வசனம் எங்கள் வீட்டுக்கே வந்தது. தங்கச்சியின் கணவருக்குக் கப்பலில் என்ஜின் வேலை. கடனைக் கட்டாமல் கப்பல் கம்பனி கையை விரித்துவிட, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைத் தடுத்து வைத்துவிட்டார்கள். எங்கள் நாட்டவர் எட்டுப் பேர் மாதக்கணக்காக அதற்குள்ளேயே கிடந்தார்கள். கொச்சிக்கடையில் தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு தனியாக இருந்தாள். பிரசவத்துக்கு முன் அவர் வந்துவிடுவாரா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பேச்சில்லை. ஓர் உறுப்பினர் அந்த எட்டுப் பேரைப் பற்றிச் சபையில் கேள்வி கேட்டார். அமைச்சர் எழுந்து இரண்டு வாரம் கேட்டார். அடுத்த முறையும் அதையேதான் கேட்டார்.

அன்று மாலை தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, உங்கட மினிஸ்டருக்கு எத்தினை தரமும் ரெண்டு கிழமை குடுக்கிறீங்கள். வயித்துக்குள்ள இருக்கிறவருக்கும் ஒருக்கா டைம் கேட்டுத் தாங்கோவன்."

பகிடியாகத்தான் சொன்னாள். அமைச்சர் மீது எனக்கு வந்த எரிச்சலைக் காட்ட அமைச்சர் பக்கத்தில் இல்லை என்பதால், அதை என் கணவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாவது முறை கேள்வி வந்தபோது மைக் என் கையில் இருந்தது. பக்கத்தில் இருந்த சக உரைபெயர்ப்பாளருக்கு விஷயம் தெரியும். "மிஸ், நான் எடுக்கவா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். தங்கச்சி போனில் நேரலை பார்த்துக்கொண்டிருப்பாள். நல்லதோ கெட்டதோ, அந்நியக் குரலில் அவள் அதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்த முறை அமைச்சரிடம் விடை இருந்தது. ஆறு பேர் இந்த வாரமே நாடு திரும்புகிறார்கள், நான் அதற்கான ஏற்பாடுகளைச் செய்துவிட்டேன் என்றார். நானும் அப்படியே சொன்னேன். கப்பல் விற்கப்படும் வரை இருவர் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்தத் துறைமுகத்தின் சட்டம், இருவர் தாமாகவே முன்வந்து அதற்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். அந்த இருவர் யார் என்று உறுப்பினர் மேலதிகக் கேள்வி கேட்டார். அமைச்சர் தாளைப் புரட்டி இரண்டு பெயர்களை வாசித்தார். இரண்டாவது, தங்கச்சியின் கணவருடைய பெயர்.

அந்தப் பெயரையும் நான்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அப்படிப் பழகிப்போன என் தொண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அமைச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அந்த இருவருக்கும் நான் நன்றி சொல்கிறேன்" என்றார். அது தாளில் இருந்த வசனமாகத் தெரியவில்லை. என் முறை முடிந்ததும் அனுமதி கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கொச்சிக்கடை போகும் வரை மனதுக்குள் தங்கச்சியின் புருஷனைத் திட்டித் தீர்த்தேன். தாமாக முன்வந்தாராம். பெண்சாதி இந்த நிலையில் இருக்கும்போது அவருக்கு என்ன பெரிய மனுஷத்தனம்? தங்கச்சி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஆரைக் கேட்டு அவர் அங்க நிக்கிறார்?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"என்னைக் கேட்டுத்தான், அக்கா."

அவள் மெதுவாகச் சொன்னாள். "போன மாசம் ஆரோ ஒருத்தரின்ர போன்ல கதைச்சவர். ரெண்டு பேர் நிக்க வேணுமாம். ஒருத்தர் சரியாம், மற்றது இவர், இல்லாட்டி இன்னொருத்தர். அந்தாளின்ர பெண்சாதிக்கும் இப்பதான் மாசம். அவளுக்கு ஒருத்தரும் இல்லையாம், தனியவாம். அவரைப் போக விடுங்கோ, நீங்கள் நில்லுங்கோ எண்டனான். அதுக்குப் பிறகு போன் இல்லை. என்ன செய்தவர் எண்டு எனக்கும் இண்டைக்கு நீங்கள் சொல்லித்தான் தெரியும்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"ஏசுவீங்கள் எண்டுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ர சொல்லைக் கேக்காமல் வந்திடுவார் எண்டு ஒரு ஆசையும் இருந்தது, அக்கா. பொய் சொல்ல மாட்டன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்கள் வீங்கியிருந்தன. அவரைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"பிள்ளை பிறக்கேக்கை உன்னோட ஆர் நிப்பினம் எண்டு அவர் கேக்கேல்லையா?"

"கேட்டவர்" என்றாள். "அக்கா நிப்பா எண்டனான்."