கோடு தெரியாத தரை

என் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர் நூல் மேஸ்திரி. டைல்ஸ் ஒட்டும்போது மூலைக்கு மூலை நூல் கட்டி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இணைப்பு லேசாகக் கண்ணில் பட்டால் போச்சு. "கோடு தெரியுது, பேத்து எடு!" என்று கத்துவார். யார் கெஞ்சினாலும் காது கேட்காது.

அந்த மனிதருக்கு நடுக்குவாதம் வந்து ஆறு வருஷமாகிறது. கை நடுங்குவதையெல்லாம் சமாளித்துவிட்டோம். மானத்தை வாங்கியது சிறுநீர்தான். வருகிறது என்று தோன்றினால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. அந்த நேரம் பார்த்துக் கதவருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் விழுவார். குறுக்கே ஒரு கோடு இருந்தால் மட்டும் அதைத் தாண்டுவதற்குக் கால் எழும்பும். அது என்ன கணக்கோ, டாக்டர் சொன்னார், நடக்கிறது. கட்டிலிலிருந்து கழிவறை வரை பன்னிரண்டு இடத்தில் கறுப்பு டேப் ஒட்டினேன்.

"என் தரையை அசிங்கம் பண்ணிட்டியே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீங்க பண்றதைவிட இது பரவாயில்ல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

போன வருஷம் மருந்துக்கடை வரிசையில் நின்றபோது நாலு பேர் முன்னால் நனைந்துவிட்டது. அன்றிலிருந்து வெளியே கால் வைக்கவில்லை. இருபது நிமிஷத் தூரத்தில் மகள் வீடு. அதற்குத் தரை போட்டவரே அவர்தான். அங்கேகூடப் போகவில்லை. மகள் அழுது பிடிவாதம் பிடித்ததில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு.

"டயப்பர் கட்ட மாட்டேன். அங்கயும் நனைஞ்சா இதோட சரி. அப்புறம் யாரும் என்னை எங்கயும் கூப்பிடக் கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாகப் பார்க்கிறேனே.

காலையிலேயே தண்ணீரைத் தொடமாட்டேன் என்றார். குடிக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பு. அப்படி இருந்துதான் போன மாதம் கிருமி சேர்ந்து காய்ச்சலில் படுத்தார். டம்ளரோடு தலைமாட்டில் நின்று குடிக்க வைத்தேன். எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுவிட்டேன். மாற்றுக்கு இன்னும் இரண்டைப் பையில் எடுத்து வைத்தேன். கிளம்பும்போது ஒரு தடவை போய்வந்தார். அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. மகள் வீட்டு ஹாலில் மாப்பிள்ளையிடம் மொட்டைமாடி ஒழுகலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நிறுத்தி நாற்காலியைப் பிடித்தார். அந்த முகம் எனக்குத் தெரியும்.

"எழுந்திருங்க. மெதுவா."

கழிவறைக் கதவு வரை வந்துவிட்டோம். அங்கே கால் நின்றுவிட்டது. கீழே பார்த்தேன். ஹாலிலிருந்து உள்ளே கழிவறைக் கோப்பை வரை நிலைப்படிகூட இல்லாமல் ஒரே வெள்ளை. மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை. அப்பா தடுக்கி விழுந்துவிடுவார் என்று மகள் மிதியடியையும் எடுத்து வைத்திருந்தாள். பேண்ட் இரண்டு எடுத்து வைத்த எனக்கு டேப் ஞாபகம் வரவில்லை பாருங்கள். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க மாப்பிள்ளை, விழுந்துடுவாரு!"

"கோடு" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "கோடு போடுடி."

கதவுக்குப் பக்கத்தில் மகளின் கைப்பை தொங்கியது. அப்படியே கவிழ்த்தேன். லிப்ஸ்டிக் உருண்டது. முட்டி போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து, கோப்பை வரை ஐந்து கோடு இழுத்தேன்.

"அம்மா! என்னம்மா பண்றே?"

"வாயை மூடு!"

கால் நடுங்கி எழும்பியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கோட்டில் பேண்டில் உள்ளங்கையளவு ஈரம் பரவியது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நிக்காதீங்க. கொஞ்சம்தான். மீதியை உள்ள பாத்துக்கலாம்."

நான்கு. ஐந்து. பேண்டை இறக்கி உட்கார வைத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மாற்றுப் பேண்டைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். சேலையெல்லாம் சிவப்பு. நனைந்தது நனைந்ததுதான். நிபந்தனை நிபந்தனைதான். இனி இந்த மனிதரை வீட்டைவிட்டு எப்படி வெளியே கொண்டு வருவேன்?

அவர் குரல் கொடுத்ததும் கதவைத் திறந்தேன். பேண்ட் மாற்றியிருந்தார். மகள் ஈரத் துணியோடு குனிந்தாள்.

"அழிக்காதே. நான் வெளிய வர வேணாமா?" என்றார்.

ஐந்தையும் தாண்டி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குப் பேரு கோடா? பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. அடுத்த தடவை வரும்போது நூலை எடுத்துட்டு வா."

"முதல்ல டேப்பை எடுத்துட்டு..." என்று திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது, அடுத்த தடவை என்றாரே!