இடது காலின் சூடு

முதலில் வெளுத்தது வலது காற்பெருவிரல். தொண்டைமானாற்றில் வலை இழுக்கிற என் கணவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். உப்புத்தண்ணீரில் நின்ற வினை என்று எண்ணெய் பூசினேன். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

டொக்டர் படம் கீறிக் காட்டினார். பரிவு நரம்பின் (நாம் நினைக்காமலே வேலை செய்யும் நரம்பு) நுனியிலிருந்து நோர்அட்ரினலின் என்ற இரசாயனம் கசியும். அது நாடியின் (இரத்தம் கொண்டுபோகும் குழாய்) சுவர்த் தசையை இறுக்கும், நாடி ஒடுங்கும். குளிரில் எல்லாருக்கும் நடப்பதுதான். இவருக்கோ புகையிலையால் ஏற்கெனவே அழன்று அடைபட்ட நாடி.

"சுருட்டை இண்டையோடை விடவேணும்."

"ஓம் ஐயா," என்றார் இவர். சத்தியமாய் விட்டார்.

இடுப்புக்கு மேலே, முள்ளந்தண்டோரமாய் ஓடும் அந்த நரம்புச் சங்கிலியை வெட்டினார்கள் (சிம்பதெக்டமி). மறுநாள் பாதத்தைத் தொட்டேன். சுட்டது. வேர்வையே இல்லாத, மத்தியான மணல் போன்ற சூடு. அழுதுவிட்டேன்.

சுருட்டில்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெற்றிலைக்குள் ஒரு துண்டுப் புகையிலை வைத்து மடித்துக் கொடுத்தேன். புகைதானே கூடாது! கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏழு மாதம் மடித்தேன்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த அன்று டொக்டர் அவருடைய பல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரம்மா போயிலை குடுத்தது?"

"நான்தான் ஐயா. புகை இல்லையெண்டு..."

"புகையோ சாறோ, இரத்தத்துக்கு ஒண்டுதான். நான் நரம்பை வெட்டி வழி விட்டன். நீங்கள் திருப்பி அடைச்சுப்போட்டியள்."

உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், தயவுசெய்து இரக்கப்படாதீர்கள். என் இரக்கம் ஒரு காலைத் தின்றது.

இவர் இன்னும் கேட்கிறார். "அண்டைக்கு மடிச்சுத் தந்த கைதானே? இண்டைக்கு மட்டும் என்ன?" நான் கொடுப்பதில்லை. பார்க்க வருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டாமென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிழமை, மாதமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. விடிந்ததும் மிச்சமிருக்கும் இடது பாதத்தில் புறங்கையை வைப்பேன். "சூடோ?" என்பார். சூடென்றால் அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது.

இன்று அவர் கேட்கவில்லை. பெருவிரல் குளிர்ந்து கிடந்தது.

"வாயைத் திறவுங்கோ," என்றேன்.

உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்; கடைவாயோரம் வெற்றிலைச் சிவப்பு.