குல்லாவில் தைத்த வெள்ளிக் காசுகள்

ஊஞ்சல் திருவிழா நெருங்கினால் சியாங் ராய் நகருக்கு மேலே எங்கள் மலையூரில் பெண்கள் வெள்ளிக் காசு தைத்த குல்லாவை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டு மிதோ மட்டும் தேய்க்க மாட்டாள். அடுப்புப் புகையேறிக் கறுத்த காசுகளோடுதான் ஊஞ்சலாட வருவாள். சோம்பேறி என்று ஊர் நினைத்தது.

காரணம் வேறு. அவள் கணவன் லோசெ ஒரு காலத்தில் அபினே கதியென்று கிடந்தவன். அந்த நாளில், அறுந்த காசுகளைத் தைத்து வருவதாகச் சொல்லிக் குல்லாவைச் சந்தைக்கு எடுத்துப் போனான். வெள்ளியை விற்றுவிட்டுப் போலிக் காசு தைத்து வந்தான் என்று கிளப்பிவிட்டது அவனுடைய சொந்தத் தங்கை பூயா. அபினை விட்டு, காப்பி பயிரிட்டு அவன் ஆளான பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. மிதோ அவனிடம் எதுவும் கேட்டதில்லை. தேய்த்துப் பார்க்கவும் துணியவில்லை.

இந்த வருஷம் மகள் அந்தக் குல்லாவைப் போடும் வயதுக்கு வந்தாள். லோசெயே புளியைக் கரைத்துக்கொண்டு வந்து வைத்தான்.

"என் எதிர்லயே தேய். எத்தன வருஷம்தான் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குவ?"

மிதோ தையலைப் பிரித்து, காசுகளை இரும்புச் சட்டியில் போட்டுப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்தாள். வேடிக்கை பார்க்கப் பூயாவும் வந்து உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். தண்ணீரை வடித்தபோது காசுகள் சிவந்து கிடந்தன.

"பாத்தியா அண்ணி, செம்பு. அன்னைக்கு நான் சொன்னப்போ என்னையத்தான் திட்டுன."

லோசெக்கு முகம் வெளுத்துவிட்டது. மிதோ சலித்த அடுப்புச் சாம்பலில் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு காசைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு கழன்று வந்தது. அடியில் வெள்ளை. காசில் பொறித்திருந்த வெள்ளைக்கார ராணியின் மூக்கும் கொண்டையும் தெரிந்தன.

"மேல்பூச்சா இருக்கும்," என்றாள் பூயா.

மிதோ அரத்தை எடுத்து விளிம்பை ஆழமாக ராவினாள். உள்ளேயும் வெள்ளைதான். அடுத்த காசும் அப்படியே, அதற்கடுத்ததும். புளித்தண்ணீரோடு இரும்பு சேர்ந்தால் நல்ல வெள்ளிக் காசில் கலந்திருக்கும் கொஞ்சம் செம்பும் மேலே வந்து படியும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிதோ இடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல," என்றான் லோசெ.

"கேட்டு, நீ ஆமான்னுட்டா? அந்தப் பயம்தான்."

பூயா மெல்ல எழுந்தாள்.

"எங்க கெளம்பிட்ட? உக்காரு. இவ்வளவும் தேய்க்கணும். வாய் தேஞ்சது போதும், கை கொஞ்சம் தேயட்டும்," என்றாள் மிதோ.

பூயா திரும்ப உட்கார்ந்து சாம்பலில் கைவைத்தாள்.

மத்தியானம் காசுகளை வெயிலில் துணி விரித்துக் காயப்போட்டுவிட்டு, மிதோ பக்கத்திலேயே படுத்து அயர்ந்து தூங்கிப்போனாள். தூறல் விழுந்தபோதுகூட அவள் விழிக்கவில்லை. நாங்கள்தான் உலுக்கி எழுப்பினோம்.